பச்சைப் பென்சில் தீட்டிய இடம்

எங்கள் தாமான் மண்டபத்தில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, நான் வரைந்த படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஓவியம் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு மயிலும் வராது, மாங்கொத்தும் வராது. அது ஒரு வரைபடம். இந்தப் பக்கத்துக்கு நான்கு தடச் சாலை வந்ததற்கு அந்தக் காகிதம்தான் காரணம் என்று கமிட்டித் தலைவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு என்னையும் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ பிடிப்பார். நானும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சட்டத்தைப் பார்த்தாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது ஜொகூர் மாநிலத்தில், செடெனாக்கிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது, அதில் இருந்தவர்களை அப்படியே விரட்ட முடியாது என்று ஒரு மூலையில் மூன்று வரிசை வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதற்குத் தாமான் என்று பெயர் வைத்தார்கள். மலாயில் தாமான் என்றால் பூங்கா. எங்கள் பூங்காவிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போக ஒரே வழிதான், செம்பனைக்குள் வளைந்து வளைந்து போகும் செம்மண் பாதை. வெயில் அடித்தால் புழுதி, மழை பெய்தால் சேறு, இரண்டும் இல்லாத நாளில் செம்பனைப் பழ லோரி ஒன்று குறுக்கே நிற்கும். நான் கூலாயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். எத்தனையோ வருஷம் ஒரு ஜோடிச் சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு, இன்னொரு ஜோடியைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

அடுத்த வீடு என் அக்காவுடையது. என்னைவிட எட்டு வயது மூத்தவள். கூலாயில் ஒரு கம்பெனி கேண்டீனில் சமையல் வேலை. நூறு பேர் தட்டைத் தட்டுகிற இடத்தில் பேசிப் பழகிய குரல் என்பதால், அவள் வீட்டு அடுப்படியில் ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரைக்கும் போகும். அவள் வீட்டுக்காரர், என் மச்சான், பழ லோரி ஓட்டியவர். அவளுக்கும் சேர்த்து அவர் பேசாமல் இருந்தார் என்றே சொல்ல வேண்டும். அவருக்கு இருந்த ஒரே பிடிவாதம் கறிவேப்பிலை. குழம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடித்து எடுத்து, தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிடுவார். அக்கா அந்த வரிசையைப் பார்த்துத் தினமும் திட்டுவாள். அவரும் தினமும் அடுக்குவார். அவர்கள் குடும்பம் நன்றாகத்தான் நடந்தது.

ஒரு மழைக்கால மத்தியானம் சாப்பிட்டு எழுந்த மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்கு லீவு. எங்கள் தாமானில் மளிகைக் கடை வைத்திருப்பவரிடம் ஒரு வேன் உண்டு. அரிசி மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அவரை ஏற்றினோம். இரண்டாவது வளைவில் வேன் சேற்றில் இறங்கியது. கடைக்காரர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, நான் பின்னால் நின்று தள்ள, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி என் முகமெல்லாம் சேற்றை அடித்தது. உள்ளேயிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். இன்ஜின் சத்தத்தில் என் காதில் விழவில்லை. டிராக்டர் வந்து இழுத்தபோது வேன் சுலபமாக வெளியே வந்தது. அதற்குள் அவசரம் தீர்ந்துவிட்டது. மச்சான் அவள் மடியில் போய்விட்டார்.

தோட்டத்து இடுகாட்டில் புதைத்தோம். தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் ஆட்களைப் புதைத்த இடம் அது. பட்டா கிடையாது, வேலி கிடையாது, ஓடை மாதிரி ஒரு சின்ன அல்லூரும் நிழல் மரங்களும் உண்டு. எல்லாம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது அக்கா மட்டும் நின்றாள். மச்சானின் இடது பக்கம் மூன்றடி தள்ளிச் செருப்புக் காலால் தரையைத் தட்டினாள்.

"இது எனக்கு. மறந்து போய் இங்க வேற எவனையாச்சும் போட்டீங்க, எந்திரிச்சு வருவேன்."

சொன்னது என்னைப் பார்த்து. நான் தலையாட்டினேன். அதை என்னிடம் ஒப்படைத்துவிட்டதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டாள்.

மற்றவர்கள் கல் வைத்தார்கள், பெயர் பொறித்தார்கள், ஓடு பதித்தார்கள். அக்கா கல் வைக்கவில்லை. எனக்குத் தெரியாதா எங்கே இருக்கிறார் என்று, போஸ்ட்மேனா வரப் போகிறான், என்று கேட்டாள். அதற்குப் பதிலாகத் தலைமாட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டாள். இப்போது எடுத்து ஓரத்தில் வைக்கட்டும் பார்க்கலாம் என்றாள். வெள்ளிக்கிழமை தவறாமல், கேண்டீன் வேலை முடிந்து போய் நின்று, அந்த வாரத்துச் செய்தியையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டு, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். மரம் நன்றாக வளர்ந்தது. அந்த இலையை யாரும் பறித்துச் சமைத்ததில்லை.

மச்சான் போன பிறகுதான் எங்களுக்கு ரோஷம் வந்தது. கமிட்டியைக் கூட்டினோம். கமிட்டி என்றால் மூன்று பேர். தலைவர், பொந்தியானுக்கு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதனால் சாலை சம்பந்தமாக அவர் சொன்னால் சொன்னதுதான். பொருளாளர், அந்த மளிகைக் கடைக்காரர். செயலாளர் நான், ஏனென்றால் எனக்கு மலாயில் கடிதம் எழுத வரும். சாலை கேட்டு மனு எழுதுவது என்று முடிவானது. என்ன எழுதுவது என்று நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அக்காதான் சொன்னாள்.

"என் வீட்டுக்காரன் சேத்துல செத்தான்னு எழுது. வேற என்ன வேணும்?"

எழுதினேன். முதல் பத்தியே மச்சான்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியில், சாலை வசதி இல்லாத காரணத்தால், குடும்பத் தலைவர் ஒருவர் மனைவியின் மடியில் உயிர் நீத்தார் என்று நான் மலாயில் எழுதியதைப் படித்துத் தலைவரே மூக்கைச் சிந்தினார். மனுவோடு ஒரு வரைபடமும் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று நான் சொன்னேன். இந்த யோசனை என்னுடையது. இதை யார் தலையிலும் கட்ட முடியாது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்தேன். கலர்ப் பென்சில் வாங்கினேன். வீடுகளைச் சிவப்பில், கோயிலை மஞ்சளில், அல்லூரை நீலத்தில் போட்டேன். இடுகாட்டையும் போட்டேன். சின்னச் சின்னக் கட்டங்களாக ஒவ்வொரு குழியையும் போட்டேன். கறிவேப்பிலை மரத்துக்கு ஒரு புள்ளி, பக்கத்தில் அக்காவுக்கென்று ஒரு வெறுங்கட்டம். ஸ்டோரில் சாமான் அடுக்கிப் பழகியவன் நான், ஒரு கட்டம் விட்டுப்போகாது.

கமிட்டியில் விரித்துக் காட்டியபோது எல்லோரும் ஆகா என்றார்கள். பிறகு கடைக்காரர் விரலை இடுகாட்டின் மேல் வைத்தார்.

"இதை என்னத்துக்குப் போட்டீங்க? சுடுகாடு இருக்குன்னு தெரிஞ்சா எவன் லா இந்தப் பக்கம் ரோடு போடுவான்? ரோடே வந்தாலும், பின்னால வீடு கட்டுறவன் வருவானா, கடை கட்டுறவன் வருவானா?"

தலைவரும் யோசித்தார். படம் பிரமாதம், அந்த ஒரு மூலைதான் கண்ணை உறுத்துகிறது என்றார். அதில்தான் நான் விழுந்தேன். படம் பிரமாதம் என்று அதற்கு முன் என்னிடம் யாரும் சொன்னதில்லை. அங்கேயே ரப்பரை எடுத்துக் கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அழித்த இடம் அழுக்காகத் தெரிந்ததால் மேலே பச்சைப் பென்சிலை அழுத்தித் தீட்டினேன். காலி இடம் என்று மலாயில் எழுதினேன். கையோடு தலைவர் இன்னும் சில திருத்தங்கள் சொன்னார். பந்துத் திடல் இரண்டு மடங்கு பெரிதானது. யாரும் பார்த்திராத ஒரு பஸ் நிறுத்தம் முளைத்தது. கடைக்காரரின் கடைக்கு மேல் ஒரு மாடி ஏறியது. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் புதுத் தாளில் சுத்தமாகப் பார்த்து வரைந்து, அதை மனுவோடு அனுப்பினோம். அடித்தல் திருத்தல் உள்ள பழைய தாளைத் தலைவர் வைத்துக்கொண்டார்.

ஆக, மனுவின் முதல் பத்தியில் மச்சான் சாலைக்காக உயிரை விட்டார். கடைசிப் பக்கத்தில் அவரைப் புதைத்த இடமே இல்லை. இந்த இரண்டும் ஒரே உறைக்குள் போயின. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து, அதற்குள் நாங்களே மறந்துபோன பிறகு, ஒரு இளைஞர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். கையில் எங்கள் வரைபடம். யார் வரைந்தது என்று கேட்டு, அழகாக இருக்கிறது என்று மலாயில் பாராட்டினார். சாலையை எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்ததாகவும், ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் சதுப்பு என்று தயங்கியதாகவும், இந்தக் காலி இடம் இருப்பது ரொம்ப நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார். யார் வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை. நேராக இழுத்துவிடலாம். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். தலைவர் என் காலை மிதித்தார். அவர் மிதிக்காமல் இருந்திருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது தெரியவில்லை. நான்கு தடச் சாலை வாசலுக்கு வந்து நிற்கிறது, பாராட்டு வேறு கிடைத்திருக்கிறது. அந்த இடத்தில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்று எப்படி ஆரம்பிப்பது. கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இளைஞருக்கு மைலோ கலந்து கொடுத்து அனுப்பினோம்.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. சாலை வருவதற்கு முன்பே சாலைக்கு ஏற்ற மாதிரி ஆகிவிட்டார்கள். வீடு எங்கே என்று கேட்டால் முன்பெல்லாம் கோயிலுக்கு எதிரே, மூன்றாவது வரிசை என்பார்கள். இப்போது ஜொகூர் பாருவிலிருந்து இருபத்தைந்து நிமிடம் என்கிறார்கள். ஊரே இடத்தை விட்டுவிட்டு நேரத்துக்குக் குடிபோய்விட்டது. ஆட்டுக் கொட்டகைக்கு எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகை நட்டார்கள். அதில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று, எதற்கென்று தெரியாமல், எங்கள் ஆட்டுக் கொட்டகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆடுகளும் திரும்பிப் பார்க்கும்.

பெரிய ரோட்டுப் பக்கமிருந்து சாலை வேலை தொடங்கியது, செம்பனை போனது. முதலில் ஒரு வரிசை, பிறகு ஒரு குன்று, பிறகு கண்ணுக்கெட்டிய வரை. அந்த இடத்தில் கிடங்குகள் வந்தன, ஒவ்வொன்றும் எங்கள் தாமானையே உள்ளே வைத்துக் கதவைச் சாத்தலாம் போல. இரண்டு வரிசை மாடிக் கடைகள் கட்டினார்கள். வாடகைக்கு யாரும் வரவில்லை. கடைசியில் மேல்மாடியில் ஜன்னல்களைச் சிமெண்டு வைத்து அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, கூட்டை விற்றுக் காசாக்கலாம் என்று, கூடு கட்டும் குருவிகளைக் குடிவைத்தார்கள். புது நகரத்தின் முதல் குடிமக்கள் அவர்கள்தான். அப்புறம் ஜன்னலே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டடம் வந்தது. தரவு மையமாம். உள்ளே முழுக்கக் கணினிகள், ஆள் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பி வரவேற்புப் பதாகை கட்டினோம். கிடைத்தது, வாசலில் காவலுக்கு இரண்டு பேர். அந்தக் கணினிகளுக்குப் பகலும் இரவும் குளிர்சாதனம் ஓடுகிறது என்று அந்த இருவரும் வெயிலில் நின்று வியர்த்துக்கொண்டு சொன்னார்கள்.

இதையெல்லாம் பார்த்து நான் சிரித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது சிரிக்கவில்லை. அப்போது எனக்கும் பெருமை பிடிபடவில்லை. என் பச்சைப் பென்சிலால்தான் இத்தனையும் என்று புதிதாக வாங்கிய காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இடுகாட்டுக்குள் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தலைவரிடம் ஓடினேன். ஏற்பாடு ஆகும் என்றார். ஏற்பாடும் ஆனது. இயந்திரம் முதல் கல்லை இடித்ததும் ஓட்டுநர் பயந்துபோய் இறங்கிவிட்டார், வேலை நின்றது. காலி இடத்தில் கல்லறை எப்படி வந்தது என்று மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர். பெயர்க்கல் உள்ள குழிகளையெல்லாம் பூசாரியை வைத்து முறைப்படி எடுத்து, கூலாய்ப் பக்கம் ஓர் இடுகாட்டுக்கு மாற்றினார்கள். மச்சானுக்குக் கல் இல்லை. அந்தப் பக்கம் வேறு வண்டி வேலை செய்திருக்கிறது, மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். கறிவேப்பிலை மரம் இருந்த இடம்தான் என்று நான் சொன்னேன். எந்த இடம் என்று அவர் கேட்டார். மரம் வேரோடு பிடுங்கப்பட்டு, மற்ற செடி கொடிகளோடு ஒரு குவியலில் கிடந்தது.

இயந்திரம் இறங்கிய அந்த நாள் வெள்ளிக்கிழமை. அக்கா வேலை முடிந்து தண்ணீர்ப் பாட்டிலோடு நேராக அங்கேதான் வந்தாள். சிவந்த மண் மேட்டை ஒரு தடவை பார்த்தாள், குவியலை ஒரு தடவை பார்த்தாள். அந்தக் குரல் அன்றைக்கு எழும்பவே இல்லை. குவியலுக்குப் போய், மரத்தடியில் முளைத்திருந்த ஒரு சின்னக் கன்றை வேரோடு பிரித்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். கொண்டுவந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள். காரில் வரும்போது கேட்டாள், இத்தனை பேரைப் புதைத்த இடத்தை எப்படிக் காலி இடம் என்று நினைத்தார்கள் என்று.

ஆபீஸ்காரர்கள் தப்பு என்று சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவளும் சரி என்றாள்.

சாலை திறந்த நாளில் மண்டபத்தில் விருந்து வைத்தோம். பிரியாணி அக்காவின் பொறுப்பு. தலைவர் என்னிடம் சொல்லாமல் அந்தப் பழைய தாளைக் கண்ணாடி போட்டு எடுத்துவந்து, கைதட்டலுக்கு நடுவில் சுவரில் மாட்டினார். சுத்தமான தாள் போன இடத்திலேயே இருந்துவிட்டது, அடித்தல் திருத்தல்தான் எங்களுக்கு மிஞ்சியது. சாப்பாடு முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவிய பிறகு, அக்கா ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக அதன் மேல் விழுந்திருந்தது. துடைத்து முடித்த பிறகும் அவள் நகரவில்லை. என் கைவண்ணத்தை ரசிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அடக் கடவுளே, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாலையை நான் குறை சொல்லப் போவதில்லை. திறந்த மூன்றாவது மாதம் மளிகைக் கடைக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. அதே வேன், அதே நேரம், அதே மழை. பதினைந்து நிமிடத்தில் கூலாய் மருத்துவமனை. பிழைத்துக்கொண்டார். இப்போது காலையில் அந்தச் சாலையோரத்தில்தான் கையை வீசி நடக்கிறார். அவர் பிழைத்த செய்தியை அக்காவிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரன் மேல ஏறித்தான் போயிருக்காரு. போகட்டும். ஒருத்தராச்சும் போய்ச் சேரட்டும்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஏதோ வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த கவலை கமிட்டிக்கு வந்தது. இடுகாடு போய்விட்டது, கூலாய்ப் பக்கத்து இடுகாட்டில் புதுக் குழிக்கு இடமில்லை, இனி எங்களில் யாராவது போனால் எங்கே வைப்பது. இப்போதைக்கு மின்சுடலைதான். ஆனால் அக்கா மாதிரி, எரிக்க விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறவர்கள் உண்டு. புது இடுகாட்டுக்கு நிலம் கேட்டு மனுப் போடக் கூட்டம் போட்டோம். அன்றைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. கோயில் பக்கம் வேண்டாம் என்றார்கள், சாமி இருக்கிறது. திடல் பக்கம் வேண்டாம், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மாடிக் கடைகள் பக்கம் வேண்டவே வேண்டாம், நாளைக்கு யாராவது வாடகைக்கு வந்தாலும் வரலாம். குருவிகளுக்காகக்கூட ஒருவர் பரிந்து பேசினார். நிலமெல்லாம் ஏதாவது ஒன்றாக ஆகிவிட்டது, அல்லது ஆகப் போகிறது. கடைசியில் எல்லோரும் ஒற்றுமையாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். செத்தவர்களுக்கு இடம் கட்டாயம் வேண்டும், ஆனால் அது பக்கத்துத் தாமானுக்கு அருகில் இருக்க வேண்டும்.

எங்கே கேட்பது என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் செயலாளர் ஒரு வரைபடம் போடட்டும் என்றார் தலைவர். எல்லோரும் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பலமாகக் கைதட்டினார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள், செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். மற்றவர்களெல்லாம் புது இடத்துக்குப் போனார்கள், அவர்கள் ஆட்களுக்குக் கல் இருக்கிறது. அக்கா காலையிலேயே சமைத்துப் பாத்திரங்களை என் காரில் ஏற்றினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. சாலையில் ஏறி, அல்லூர்ப் பாலம் தாண்டியதும், இங்கே நிறுத்து என்றாள். அவசரத் தடத்தில் ஒதுங்கி, விளக்கை மின்ன விட்டு நிறுத்தினேன். லோரி ஒவ்வொன்றும் தாண்டும்போது கார் ஆடியது. அவள் பாலத்திலிருந்து காலால் அடி அளந்துகொண்டு வந்தாள். ஓர் இடத்தில் நின்று, தாரின் மேல் வாழை இலையை விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலைக்கும் கல் வைத்தாள். சோறு, கோழிக் கறி, ஒரு டின் கறுப்பு பீர். பிறகு குந்தி உட்கார்ந்து, கறியிலிருந்து கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, இலையின் ஓரத்தில் வரிசையாக வைக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. லோரியைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

ரோந்து வண்டி ஒன்று வந்து பின்னால் நின்றது. சின்ன வயது மலாய்ப் பையன் இறங்கி வந்து, கார் பழுதா என்று கேட்டான். இல்லை, என் புருஷன் கீழே இருக்கிறார் என்று அக்கா மலாயில் சொன்னாள். அவன் பதறிப்போய்க் காருக்கு அடியில் குனிந்து பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை. நிமிர்ந்தவன் இலையைப் பார்த்தான், ஊதுவத்தியைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான். திரும்பிப் போய், வண்டியிலிருந்து நான்கு கூம்புகளை எடுத்துவந்து எங்களுக்குப் பின்னால் வரிசையாக வைத்தான். பத்து நிமிடம், மக்சிக், என்று தன் பெரியம்மாவைக் கூப்பிடுவது போல் சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, வருகிற வண்டிகளைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு நின்றான். அந்தச் சாலை போட்ட நாளிலிருந்து மச்சானுக்காக வேறு ஒருவர் செய்த முதல் காரியம் அது.

அக்கா பீரைத் திறந்து தாரின் மேல் ஊற்றினாள். அது உள்ளே இறங்கவில்லை. சரிவைப் பிடித்துக்கொண்டு ஓடிச் சாக்கடையில் விழுந்தது. அது விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"மண்டபத்துல மாட்டியிருக்கே, அந்தப் படம். வெயில் பட்டா பச்சைக்கு அடியில எல்லாக் குழியும் தெரியுது. அவர் குழியும் தெரியுது. நீ சரியா அழிக்கலடா."

விருந்து நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை நாள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் அக்கா என்று ஆரம்பித்தேன்.

"எனக்கும் ஒரு கட்டம் போட்டிருந்த போல. அதையும் அழிச்சிருக்க," என்றாள். "இப்ப புதுசா ஒண்ணு வரையறியாமே. அதுல எனக்கு எங்க?"

இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றேன். அவள் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இலைக்கு இடது பக்கம் மூன்றடி தள்ளி வந்து நின்றாள். செருப்புக் காலால் தாரைத் தட்டினாள்.

"இங்க போடு."

அந்தப் பையன் கூம்புகளை எடுக்க வந்தான். நாங்கள் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். திரும்பிப் போகும் வளைவு ரொம்பத் தூரத்தில்தான் இருக்கிறது, அதுவரைக்கும் நேராகப் போய்த்தான் திரும்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்து கமிட்டியின் தாளை விரித்தேன். முதலில் சாலையைப் போட்டேன். பாலத்திலிருந்து அவள் எண்ணிய அடிகளை எண்ணி, அவசரத் தடத்தில் ஒரு கட்டம் போட்டேன், மூன்றடி தள்ளி இன்னொரு கட்டம் போட்டேன். தலைவர் வாரத்துக்கு இரண்டு தடவை படம் முடிந்ததா என்று கேட்கிறார். முடிந்துவிட்டது என்று இன்னும் சொல்லவில்லை. இந்தத் தடவை பேனாவால் வரைந்திருக்கிறேன்.